வெத்தலையும் பாக்கும்: தொட்டித் தவளைகளோடு ஐந்தரை வருஷம்

மகளுக்கு அப்போது 7 வயது. வகுப்புத் தோழி வீட்டில் கைக்கு அடக்கமான ஒரு பிளாஸ்டிக் டப்பாவைப் பார்த்துவிட்டு வந்தாள். உள்ளே கொஞ்சம் கூழாங்கல், ஒரு துண்டு மூங்கில், இரண்டு ஆப்பிரிக்கக் குள்ளத் தவளைகள். அன்றிலிருந்து வீட்டில் ஒரே பல்லவி. நாய் கேட்டால் மறுத்துவிடலாம். அரை லிட்டர் டப்பாவுக்கு என்ன காரணம் சொல்லி மறுப்பது? 2019 செப்டம்பரில் தபாலில் வரவழைத்தேன்.

நாங்கள் இருப்பது டெக்சஸில், டல்லாசுக்கு வடக்கே பிளானோ. அம்மா அப்போது ஊரிலிருந்து வந்து எங்களோடு இருந்தார். பெட்டியைப் பிரித்ததும், "ஏண்டா, நம்ம ஊர்ல கிணத்துல தவளை விழுந்தா வாளி விட்டு எடுத்து வெளிய போடுவோம். நீ காசு குடுத்து வாங்கி உள்ள விடுறியா?" என்றார்.

வாரத்துக்கு இரண்டு நாள் இரண்டிரண்டு உருண்டை தீனி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றினால் போதும், குழந்தையே பார்த்துக்கொள்ளும் என்று கூட வந்த காகிதம் சொன்னது. நாலாவது வாரம் ஒரு தவளை செத்தது. டப்பாத் தண்ணீரைப் பக்கத்து மீன் கடைக்கு எடுத்துப் போனேன். கடைப் பையன் சோதனைக் குழாயில் சொட்டு மருந்து விட்டான். மஞ்சளாக இருக்க வேண்டியது கரும்பச்சையாகத் திரும்பியது. அத்தனையும் அம்மோனியா. தவளையின் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் வருவது. அதை நைட்ரைட்டாகவும் அப்புறம் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் வடிகட்டியின் பஞ்சில் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அரை லிட்டர் டப்பாவில் பஞ்சும் கிடையாது, அழுக்கைத் தாங்குகிற அளவு தண்ணீரும் கிடையாது. அதைச் செல்லப்பிராணி என்று விற்கக் கூடாது என்பதே இன்றைக்கும் என் எண்ணம்.

10 கேலன், அதாவது 38 லிட்டர் தொட்டி வாங்கினேன். உயரம் ஓர் அடிதான். இவற்றுக்கு அதற்கு மேல் வேண்டாம். தண்ணீரிலேயே வாழ்ந்தாலும் நுரையீரலால்தான் மூச்சு விடுகின்றன. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து ஒரு வாய் காற்றைக் கவ்விக்கொண்டு இறங்க வேண்டும். ஆழம் கூடக்கூட அலைச்சலும் கூடும். தொட்டி தயாரானதும் மிஞ்சிய தவளைக்குத் துணையாகக் கடையிலிருந்து இன்னொன்று வந்தது. இரண்டும் கொட்டைப்பாக்கு அளவுகூட இல்லை. "இதுங்களாவது வெத்தல பாக்கு மாதிரி சேர்ந்தே இருக்கட்டும்" என்றார் அம்மா. பெயர் அப்படியே நின்றுவிட்டது. பழையது வெத்தலை, புதியது பாக்கு.

கடையில் நான் முதலில் பார்த்தது முன்னங்கால்களை. குள்ளத் தவளை என்று நினைத்து ஆப்பிரிக்க நகத் தவளையின் குஞ்சை வாங்கி வந்து ஏமாறுகிறவர்கள் உண்டு. குள்ளத் தவளைக்கு நாலு காலிலும் விரல்களுக்கிடையே சவ்வு இருக்கும். நகத் தவளைக்கு முன்னங்கை விரல்கள் தனித்தனியாக இருக்கும், கண்களும் உச்சந்தலையில் இருக்கும். குள்ளம் மூன்று, நாலு சென்டிமீட்டரோடு நின்றுவிடும். நகத் தவளையோ உள்ளங்கை நிறைய வளர்ந்து தொட்டியில் வாய்க்கு அடங்கும் எதையும் விழுங்கும். 1930களில் பெண்ணின் சிறுநீரை ஊசி மூலம் செலுத்தி, முட்டையிடுகிறதா என்று பார்த்துக் கர்ப்பத்தை உறுதி செய்தது அந்த நகத் தவளையை வைத்துத்தான். இதை மட்டும் அம்மாவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஒரு வாரத்துக்கு ஊருக்குப் போன ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் இதே பேச்சு.

நம் குள்ளத் தவளை ஹைமனோகைரஸ் என்ற பேரினம். காங்கோ படுகை, காமரூன், நைஜீரியா பக்கத்துத் தேங்கிய நீர்நிலைகள்தான் சொந்த ஊர். நாக்கு கிடையாது. கண்பார்வையும் சுமார்தான். இந்த இரண்டையும் புரிந்துகொள்ளாமல் முதல் மூன்று மாதத்தை வீணாக்கினேன். தொட்டி காலியாகத் தெரிகிறதே என்று ஐந்து நியான் டெட்ரா மீன்களை விட்டிருந்தேன். தீனி போட்டால் தவளை மோப்பம் பிடித்துத் திரும்புவதற்குள் மீன்கள் கபளீகரம் செய்துவிடும். வெத்தலையின் இடுப்பெலும்பு வெளியே தெரிய ஆரம்பித்த பிறகுதான் விளங்கியது. மீன்களை நண்பர் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

தீனி போடும் முறைக்கு அம்மா வழி செய்தார். கார்த்திகைக்காகக் கொண்டுவந்த மண் அகல்களில் எண்ணெய் படாத ஒன்றை ஊறவைத்துத் தொட்டியின் முன்பக்க மூலையில் இறக்கினோம். உறைய வைத்த ரத்தப்புழு சின்னச் சின்னக் கட்டிகளாகக் கிடைக்கும். அதில் கால் கட்டியைத் தொட்டித் தண்ணீரிலேயே கரைத்து, குழந்தைக் காய்ச்சல் மருந்தோடு வரும் ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சி, அகலுக்குள் மெதுவாக விட வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இதுதான் மகளின் வேலை. அகலின் விளிம்பில் சிரிஞ்சால் இரண்டு தட்டு. ஒரு நிமிடம் ஒன்றும் நடக்காது. அப்புறம் செடிக்குப் பின்னாலிருந்து பாக்கு ஒவ்வொரு அடியாக வரும். அகலுக்குள் வந்தும் எதிரில் கிடக்கும் புழு தெரியாது. திடீரென்று பாயும், பாதி நேரம் குறி தப்பும். வெத்தலையின் காலைக் கவ்விவிட்டு, தப்பு செய்த மாதிரி சற்று நேரம் அசையாமல் நிற்கும். புழு சிக்கினால் நாக்கில்லாத குறைக்கு இரண்டு கையாலும் வாய்க்குள் தள்ளும். சோற்றை அள்ளித் திணிக்கும் குழந்தை மாதிரியே இருக்கும். முழுதாக முடிய 15 நிமிடம். ஓரிடத்தில் உட்காராத என் மகள் அந்த 15 நிமிடமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

பயந்த சந்தர்ப்பங்களுக்கும் பஞ்சமில்லை. கைகால்களை விரித்துக்கொண்டு நீர்மட்டத்தில் மிதந்தபடி கிடக்கும். "அப்பா, செத்துப் போச்சு!" என்று மகள் ஓடிவந்தது எத்தனை முறை என்று கணக்கில்லை. அது சவாசனம், அவ்வளவுதான். சில வாரங்களுக்கு ஒருமுறை உடம்பு முழுக்க வெள்ளைப் படலம் கிளம்பும். பூஞ்சையோ என்று பதறினால், இறுக்கமான பனியனைக் கழற்றுவது போலத் தலைவழியாக உரித்து அப்படியே தின்றுவிடும். அப்புறம் அந்த இரவுச் சத்தம். பழைய டியூப் லைட்டின் சோக் ரீங்கரிப்பது போல நடுராத்திரியில் கேட்கும். ஹீட்டர் பழுதென்று நினைத்து இரண்டு இரவு அதன் பிளக்கைப் பிடுங்கிவைத்தேன். மூன்றாம் இரவு டார்ச் அடித்துப் பார்த்தால் பாக்கு பாடிக்கொண்டிருக்கிறது. அதன் கக்கத்துக்குப் பின்னால் பரு மாதிரி ஒரு வெளிறிய புடைப்பு உண்டு, அதுதான் ஆண் என்பதற்கு அடையாளம். அப்படியென்றால் வெத்தலை பெண். "ரெண்டும் ஏம்ப்பா இப்படி சண்டை போடுது?" என்று அடுத்த மாதம் மகள் கேட்டபோது பதில் சொல்ல மனைவியை அனுப்பினேன். முட்டைகள் மிதந்தன. பெரும்பாலானவற்றைப் பெற்றோரே தின்றார்கள். தப்பிய தலைப்பிரட்டைகளுக்குக் கண்ணுக்கே தெரியாத உயிர்த் தீனி வேண்டும். நான் தோற்றேன்.

தண்ணீரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். "ஒரு ராத்திரி பக்கெட்ல பிடிச்சு வெச்சா குளோரின் போயிடும்" என்பது அம்மாவின் வைத்தியம். வெறும் குளோரினுக்கு அது சரிதான். எங்கள் குழாயில் வருவதோ குளோரினோடு அம்மோனியா சேர்ந்த குளோரமைன், வைத்திருந்தால் போகாது. ஒவ்வொரு வருஷமும் மார்ச் மாதவாக்கில் வடக்கு டெக்சஸ் நீர் வாரியம் குழாய்களைச் சுத்தமாக வைக்கச் சுமார் ஒரு மாதம் வெறும் குளோரினுக்கு மாறும். அப்போது குழாயைத் திறந்தாலே நீச்சல் குள வாசனை வரும். இரண்டையும் முறிக்கும் சொட்டு மருந்தை எப்போதும் கலந்துவிடுவேன். வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றுவேன். இந்த வேலை குழந்தையால் ஆகாது, பெற்றோர் தலையில்தான் விழும். தொங்கும் வடிகட்டியின் இழுப்பில் வெத்தலையின் பின்னங்கால் ஒருமுறை மாட்டிக்கொண்டதால் காற்றுக் குழாயில் ஓடும் பஞ்சு வடிகட்டிக்கு மாறினேன். விழுங்கக்கூடிய பொடிக் கல்லை எடுத்துவிட்டு மெல்லிய மணல் போட்டேன். மூடியில் ஒயர் போக விட்ட இரண்டு விரல் இடைவெளி வழியாகப் பாக்கு ஒரு மாலை வெளியே குதித்தது. தொப்பென்ற சத்தம் கேட்டுத் தேடி, புத்தக அலமாரிக்குப் பின்னால் தூசியும் தலைமுடியும் சுற்றிய உருண்டையாகக் கண்டெடுத்தோம். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் காய்ந்தே போயிருக்கும். அந்த இடைவெளியில் இப்போதும் ஒரு துண்டு பஞ்சு அடைத்திருக்கிறது.

2021 பிப்ரவரிப் பனிப்புயல் டெக்சஸ்காரர்கள் யாருக்கும் மறக்காது. 15ஆம் தேதி அதிகாலை மின்சாரம் போனது. அரைமணி வரும், ஐந்து மணி நேரம் போகும். 25 டிகிரியில் இருக்க வேண்டிய தொட்டி மறுநாள் 16க்கு இறங்கியது. ஜமக்காளத்தால் தொட்டியைச் சுற்றினோம். கேஸ் அடுப்பில் வெந்நீர் வைத்து, பாட்டிலில் அடைத்து மிதக்கவிட்டோம். காற்றுக்குப் பேட்டரி பம்பு. இரண்டும் அடியில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்து, எப்போதாவது மேலே வந்து மூச்சு வாங்கிப் போயின. நாங்கள் மூவரும் அதே ஹாலில் அதே நிலையில்தான் இருந்தோம். நாலு நாள் கழித்து ஹீட்டர் சூடேறி, பாக்கு மறுபடி பாடிய இரவில் தூக்கம் கெட்டதற்கு யாரும் அலுத்துக்கொள்ளவில்லை.

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஒரு எச்சரிக்கை. 2009 ஏப்ரலுக்கும் 2011க்கும் இடையில் இந்தக் குள்ளத் தவளைகளோடு தொடர்புடைய சால்மொனெல்லா தொற்று அமெரிக்காவின் 42 மாநிலங்களில் 241 பேருக்கு வந்ததை நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி பதிவு செய்திருக்கிறது. பெரும்பாலோர் குழந்தைகள். தவளையைத் தொட்டுத்தான் தொற்ற வேண்டும் என்றில்லை, தொட்டித் தண்ணீரே போதும். அதனால் தொட்டிக்கென்று தனி வாளி, தனி கிண்ணம். சமையலறை சிங்க்கில் எதையும் கழுவுவதில்லை. தீனி போட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் மகள் சாப்பாட்டு மேசைக்கு வரக் கூடாது. ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் வாங்காதீர்கள். தொட்டுக் கொஞ்ச ஆசைப்படும் பிள்ளைக்கும் இது வேண்டாம், இது பார்க்க மட்டும்.

2022 டிசம்பரில் நாலு வாரம் ஊருக்குப் போனோம். இங்கே இருக்கும் நம்மவர்களுக்கு இதுதான் பெரிய சிக்கல். ஒரு வாரமென்றால் வளர்ந்த தவளை பட்டினியைத் தாங்கும், ஒரு மாதம் தாங்காது. தீனியை ஐஸ் தட்டில் வேளைக்கு ஒன்றாகப் பிரித்து வைத்து, எழுதியும் கொடுத்து, தெரிந்த குடும்பத்திடம் தொட்டியை ஒப்படைத்தேன். "பாவம், பசியோட பார்க்குது" என்று அவர்கள் தினமும் போட்டிருக்கிறார்கள். கூடவே உலர் புழுவும். திரும்பி வந்தபோது பாக்கு எலுமிச்சம்பழம் மாதிரி ஊதியிருந்தது. தவளை தன் வாயால் கெடும் என்பார்களே, பாக்கு பாடியதால் கெடவில்லை. மருத்துவர் உடம்பில் சேர்ந்திருந்த நீரை எடுத்துவிட்டார், இரண்டே நாளில் திரும்ப ஊறியது. ஜனவரியில் போய்விட்டது. வீக்கம் வர வேறு காரணங்களும் இருக்கலாம், தீனிதான் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். அந்தக் குடும்பத்திடம் நான் இன்றுவரை எதுவும் கேட்கவில்லை. பாசத்தில் செய்ததுதான்.

இது 2025 மார்ச். வெத்தலை இருக்கிறது. ஐந்தாண்டு வாழ்ந்தாலே நல்ல ஆயுள் என்பார்கள், அதைத் தாண்டிவிட்டது. மகளுக்கு இப்போது 13 வயது, சிரிஞ்ச் என் கைக்கு வந்துவிட்டது. இவை கூட்டமாக இருக்கப் பழகியவை, குறைந்தது இரண்டு வேண்டும் என்பதால் இன்னொன்று வாங்கலாமா என்று ஒரு யோசனை. வாங்கினாலும் நேரே தொட்டிக்குள் விட முடியாது. கைட்ரிட் என்ற தோல் பூஞ்சை இருந்தால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பரவிவிடும். அதனால் சில வாரம் தனித் தொட்டி வேண்டும். மனைவி ஏற்கெனவே ஹாலை அளந்து பார்த்து, முடியாது என்று சொல்லிவிட்டாள். மகளிடம் கேட்டேன். "வாங்கினா இன்னும் அஞ்சு வருஷம்ப்பா. நான் காலேஜ் போயிடுவேன், நீதான் பார்த்துக்கணும்" என்றாள்.

போன சனிக்கிழமை கடைக்குப் போய்க் கண்ணாடியில் முகத்தை ஒட்டி முன்னங்கால்களைப் பார்த்தேன். சவ்வு இருந்தது. கக்கத்துக்குப் பின்னால் அந்த வெளிறிய புடைப்பும் இருந்தது. இன்னும் வாங்கவில்லை.