ஒப்ராக் மேய்ச்சல் பாதைகள்: ஐந்து கோடைக்குப் பிறகு

போன வாரம்தான் சைக்கிள் பழுது பார்த்து வீட்டுக்கு வந்தது. கியர் மாற்றும்போது சங்கிலியை நகர்த்துகிற பின் டெரெய்லரைத் தாங்கிப் பிடிக்கும் ஹேங்கர் முறிந்துவிட்டது. விரல் நீளம்கூட இல்லாத அலுமினியத் துண்டு. என்னுடையது பழைய ஃப்ரேம் என்பதால் 2019க்குப் பிறகு வந்த பொது ஹேங்கர் அதில் பொருந்தாது. அந்த மாடலுக்கு உரியதை வரவழைக்க 19 நாள் ஆனது. கோடையில் 19 நாள் போனால் போனதுதான். அந்தக் கோபம் ஆறுவதற்குள் லியோனிலிருந்து நண்பன் கூப்பிட்டான். "ஆகஸ்டில் ஒரு வாரம் லீவு கிடைச்சிருக்குப்பா. நீ எப்பவும் சொல்வியே ஒப்ராக், அங்க போலாமா?" ஃபோனில் அவனுக்கு என்ன பதில் சொன்னேன் என்பது இருக்கட்டும். கொஞ்சம் நிதானமாக இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

ஒப்ராக் என்பது பிரான்ஸின் தென்பகுதியில் இருக்கும் ஒரு பீடபூமி. நான் இருப்பது அதற்கு வடக்கே கிளெர்மோன்-ஃபெரானில். ஏ75 சாலையில் தெற்கே ஒன்றரை மணி நேரம் போனால் ஒமோன்-ஒப்ராக். காரை அங்கே விட்டுவிட்டு நஸ்பினால், சேன்ட்-ஆந்தியோல் ஏரி, ஒப்ராக் கிராமம் என்று இரண்டு மூன்று நாள் சுற்றுவது ஐந்து வருட வழக்கம். மோர்வானில் தொடங்கி மத்தியதரைக் கடலோரம் காப் தாக்டில் முடியும் சுமார் 1400 கி.மீ. நீளமான ஜி.டி.எம்.சி. என்ற மலை சைக்கிள் பாதையும் இந்தப் பீடபூமி வழியாகத்தான் போகிறது. அதை முழுதாக ஓட்டியதில்லை, எரிமலைப் பகுதியிலும் இங்கேயும் துண்டு துண்டாக ஓட்டியிருக்கிறேன். வழிக்குறிகள் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஒரு முக்கோணம், இரண்டு வட்டம், முக்கோணம் காட்டும் பக்கம் போக வேண்டும், அவ்வளவுதான். ஏற்றங்களும் கொடுமையானவை அல்ல. இங்கே நாள் முழுக்க 1200 மீட்டரை ஒட்டியே மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருப்போம்.

என் புகார் படல்களைப் பற்றியது.

ஒப்ராக் முழுக்க மேய்ச்சல் நிலம். ஒவ்வொரு நிலத்துக்கும் வேலி, பாதை வேலியைக் கடக்கும் இடமெல்லாம் ஒரு படல். நஸ்பினாலிலிருந்து ஏரிகளைச் சுற்றி வந்த ஒரு நாளில் எண்ணிப் பார்த்தேன். 46 கி.மீ. தூரத்தில் 43 படல். ஏற்றத்தில் மூச்சு சீராகி, மேட்டைத் தாண்டி, இனி இரண்டு கி.மீ. இறக்கம் என்று சீட்டிலிருந்து எழுந்து நிற்போம். அப்போது குறுக்கே ஒன்று நிற்கும். இறங்கி, திறந்து, சைக்கிளை உள்ளே தள்ளி, மூடி, மறுபடி ஏற வேண்டும். கால் சூடாறிப் போயிருக்கும். அந்த இறக்கத்தின் சுகத்தில் பாதி பிரேக்கிலேயே போய்விடும்.

இரும்புக் கதவும் கொக்கியும் இருந்தால் சந்தோஷம், ஒரு கையால் முடிந்துவிடும். இரண்டாவது வகை, பிளாஸ்டிக் கைப்பிடி வைத்த ஸ்பிரிங் கம்பி. அதில் கரண்ட் ஓடும். காது கொடுத்தால் நொடிக்கு ஒருமுறை டிக், டிக் என்று கேட்கும். கைப்பிடியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு சைக்கிளை உருட்டும்போது ஹேண்டில்பார் கம்பியில் பட்டால் தோள் வரைக்கும் சுளீர் என்று அடிக்கும். ஆபத்தில்லை, ஆனால் அதற்கப்புறம் அடுத்த ஐந்து படலுக்கும் கை கூசும்.

மூன்றாவதுதான் என் பகை. நாலு வரிசை முள்கம்பி, இடையிடையே தொய்வில்லாமல் நிற்கக் குச்சிகள். கடைசிக் குச்சியின் அடி ஒரு கம்பி வளையத்திலும் தலை இன்னொரு வளையத்திலும் சிக்கி, கல்தூணோடு விறைப்பாக நிற்கும். திறப்பது எளிது. மேல் வளையத்தை எடுத்ததும் மொத்தமும் பாம்பு மாதிரி சுருண்டு காலடியில் விழும். மூடுவதுதான் பாடு. முள்ளைத் தொடாமல் இழுத்து நிமிர்த்தி, அடியை முதலில் வளையத்துக்குள் நட்டு, தலையைத் தூணை நோக்கி நெருக்க வேண்டும். எப்போதும் நாலு விரல் இடைவெளி மிச்சம் இருக்கும். இரண்டாவது கோடையில் நான் இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, பக்கத்து நிலத்தில் டிராக்டரை நிறுத்திவிட்டு ஒரு வயதான அம்மா வந்தார். நீல அங்கி, ரப்பர் பூட்ஸ். "கையால இல்ல தம்பி, தோளால" என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டு, குச்சியைக் கக்கத்தில் கொடுத்து, தூணைக் கட்டிப்பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். வளையம் தானாக விழுந்தது. அன்றிலிருந்து நானும் அப்படித்தான் செய்கிறேன். சட்டையில் தோள் பக்கம்தான் முதலில் கிழிகிறது.

இந்த ஜூலையில் நடந்தது இது. சைக்கிளைக் கல்சுவரில் சாய்த்துவிட்டுப் படலை மூடிக்கொண்டிருந்தேன். குச்சி கை நழுவியது, கம்பி துள்ளிப்போய்ச் சக்கரத்தில் பட்டது, சைக்கிள் டெரெய்லர் பக்கமாகக் கருங்கல்லில் விழுந்தது. தூக்கிப் பார்த்தேன், கீறல்தான் தெரிந்தது. அடுத்த ஏற்றத்தில் ஆகப் பெரிய பல்சக்கரத்துக்கு கியர் மாற்றியபோது, வளைந்திருந்த ஹேங்கர் டெரெய்லரை ஆரக்கம்பிகளுக்குள் கொண்டுபோய்விட்டது. ஒரே முறிவு. அங்கிருந்து நஸ்பினாலுக்கு 14 கி.மீ. நடை, வழியில் ஒன்பது படல்.

நியாயமும் பேச வேண்டும். இந்தப் பாதைகளில் பல, கிராமத்துக்குச் சொந்தமான பழைய வழிகள். சில இடங்களில் தனியார் மேய்ச்சல் நிலத்துக்குள்ளேயே போகின்றன. அங்கே உரிமையாளர் கையெழுத்துப் போட்டு விட்டிருக்கிறார், அவ்வளவுதான். வேண்டாம் என்று முடிவெடுத்தால் அந்தத் துண்டு போய்விடும். மே 25 வாக்கில் மாடுகளை மேலே ஏற்றுவார்கள், அக்டோபர் நடுவில்தான் கீழே இறக்குவார்கள். அத்தனை மாதமும் தாயும் கன்றும் சில சமயம் காளையும் ஒன்றாக மேயும். ஒரு படல் திறந்து கிடந்தால் இரண்டு மந்தை கலந்துவிடும். அப்படிக் கலந்துபோனதைப் பிரிக்க ஒரு குடும்பமே வெயிலில் ஓடியதைப் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு முன்னால் போன யாரோ திறந்துபோட்ட படல்தான் காரணம். எனக்கு இது புதிதும் இல்லை. காங்கேயம் பக்கம் கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தில் முள்கிளுவை வேலிகளுக்கு நடுவே வளர்ந்தவன் நான். படலைத் திறந்தவன்தான் சாத்த வேண்டும் என்பதைப் பள்ளிக்கூடம் போகும் முன்பே கற்றுக்கொண்டோம். படல் இருப்பது எனக்குக் குறையே இல்லை. சைக்கிளும் கையுமாக வருகிற ஆள் மூடக்கூடிய மாதிரி அது இருந்தால் போதும். நெரிசலான பாதைகளில் மட்டுமாவது இரும்புக் கதவு வைக்கலாம்.

பிறகு ஏன் ஐந்து வருடம் போனேன்? 'திராய்' என்று ஒரு வகைப் பாதை இங்கே உண்டு, மந்தைகள் மலையேறிய பழைய வழி. இரண்டு பக்கமும் இடுப்புயரக் கல்சுவர், நடுவில் புல். சில திராய்களில் மூன்று நாலு கி.மீ. வரை படலே வராது. மாலை ஆறு மணிக்கு சேன்ட்-ஆந்தியோல் ஏரியைப் பார்த்து இறங்கும் ஒன்று எனக்குப் பிடித்தது. கண்ணுக்கெட்டிய வரை மரம் இல்லை, சுவருக்கு அந்தப் பக்கம் மணியோசை மட்டும். ஒப்ராக் மாடுகள் கோதுமை நிறம், கண்ணைச் சுற்றி மை தீட்டியது போலக் கறுப்பு வளையம். தலையைத் தூக்கி ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கும். தெரோக் அருவிக்குப் பின்னால் இருக்கும் எரிமலைப் பாறைக் குகையில் நின்று தலை நனைத்துக்கொள்ளலாம். இரவு அலிகோ கிடைக்கும். உருளைக்கிழங்கும் புதுச் சீஸும் பூண்டும் சேர்த்துக் கிண்டியது, கரண்டியைத் தூக்கினால் கை உயரத்துக்கு நூலாக வரும். 40 கி.மீ. ஓட்டிவிட்டு அதைச் சாப்பிட்டவனுக்கு வேறு எதுவும் தோன்றாது.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. கிராமக் கடை மதியம் மூடியிருக்கும், மேய்ச்சல் நிலத்துத் தொட்டித் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். பூச்செடிகளுக்கு ஊற்ற வாசலருகே பெரும்பாலும் ஒரு குழாய் இருக்கும். குடிக்க உகந்ததல்ல என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம். இது தெரிந்த பிறகு மூன்று பாட்டில் சுமப்பதை விட்டுவிட்டேன்.

சரி, நண்பனுக்குப் பதில். ஆகஸ்டில் வராதே. அக்டோபர் மூன்றாவது வாரம் வா. மாடுகள் இறங்கியிருக்கும், பல படல்கள் திறந்தே கிடக்கும், கம்பிகளில் கரண்ட் இருக்காது. பகல் சின்னது, காற்று குத்தும், வேட்டைக் காலம் என்பதால் பளிச்சென்ற மேலாடை கட்டாயம். உன் ஃப்ரேமுக்கு உரிய ஹேங்கர் ஒன்றை இப்போதே வாங்கிப் பையில் போட்டு வை. பிரான்ஸில் நான் ஓட்டிய பாதைகளில் இதைவிட நல்லது இல்லை என்று முன்பும் சொன்னேன், இப்போதும் அதைத்தான் சொல்கிறேன். டிராக் கோப்பை அனுப்பி வைக்கிறேன். இந்த வருடம் நான் அந்தப் பக்கம் வருவதாக இல்லை.