யார் சொன்னது? விக்கிப்பீடியாவின் மனித உரிமைப் பக்கங்களில் நெடுநாள் புழங்கியதில் தெரிந்தவை

புளியந்தோப்பில் 1921இல் நடந்ததற்கு என்ன பெயர்? பெரம்பூர்க்காரர்கள் பின்னி மில் என்று சொல்லும் பி அண்ட் சி ஆலையின் வேலைநிறுத்தம் என்றால் அது தொழிலாளர் வரலாறு. புளியந்தோப்புக் கலவரம் என்றால் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை. சாதி மோதல் என்றால் வேறொரு கதை. மூன்றுக்குமே அச்சில் ஆதாரம் உண்டு, ஆனால் ஒரு கட்டுரைக்குத் தலைப்பு ஒன்றுதான். உள்ளே ஒரு வரி எழுதும் முன்பே சண்டை வாசலில் ஆரம்பித்துவிடும்.

தலைப்புச் சண்டையைத் தீர்ப்பது எளிது. பெரும்பாலான நூல்கள் பயன்படுத்தும் பெயரைத் தலைப்பாக வைத்து, மற்றவற்றுக்கு வழிமாற்று போட்டுவிட்டால் தேடுபவர் எந்தப் பெயரில் வந்தாலும் வந்து சேர்வார். உள்ளடக்கம் அப்படித் தீராது. வேலைநிறுத்தத்தில் நின்றவர்கள், வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடத் தொழிலாளர்கள், அரசின் தொழிலாளர் துறை, நீதிக்கட்சித் தலைவர்கள் என நான்கு தரப்பு. தொழிற்சங்கத் தலைவர் திரு.வி.க. பக்கத்தைப் படித்துவிட்டு எழுதுபவரும் ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி.ராஜா பக்கத்தைப் படித்துவிட்டு எழுதுபவரும் ஒரே நாளை இரண்டு நாளாக எழுதுவார்கள். இருவருமே பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு கூற்றுக்கும் முன்னால் அதைச் சொன்னவரின் பெயரைப் போட்டால்தான் அந்தப் பத்தி நிற்கும்.

தமிழ்ச் செய்தி நடையே இதற்கு எதிரி. ‘கூறப்படுகிறது’, ‘தெரியவருகிறது’, ‘சொல்லப்படுகிறது’ என்று எழுவாய் இல்லாமலே பக்கம் முழுவதையும் ஓட்டிவிடலாம். விக்கியில் அந்த வாக்கியம் சில நாளிலேயே ‘சான்று தேவை’ முத்திரையை வாங்கிக்கொள்ளும். சான்றாக அந்த நாளிதழையே கொடுத்தாலும் யார் கூறினார் என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

ஒரு வாக்கியத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். ‘கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்தபோது விஷவாயு தாக்கி இருவர் பலி’ என்று செய்தி வரும். இறங்கியவர்களும் வாயுவும் இருக்கிறார்கள், இறக்கியவர் மட்டும் இல்லை. ஒருவர் கோபத்தில் ‘சட்டவிரோதமாக இறக்கப்பட்டனர்’ என்று திருத்துவார். இன்னொருவர் ‘நீதிமன்றம் இன்னும் சொல்லவில்லை’ என்று பழைய வரிக்கே மீளமைப்பார். உடனே கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு மேற்கோளாக வந்து விழும். சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் ஆளை இறக்கி அபாயகரமாகச் சுத்தம் செய்ய வைப்பதை அந்தப் பிரிவு தடை செய்கிறது, உண்மைதான். ஆனால் செய்தி ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம் வைத்து மூன்றாவதாக ஒரு முடிவைத் தொகுப்பவரே எடுத்தால் அது விக்கியில் இடமில்லாத சொந்த ஆய்வாகிவிடும். நீக்கினால் எதிர்த்து நிற்க வழியில்லை. ‘ஒப்பந்ததாரர் மீது இச்சட்டத்தின் கீழ் வழக்குப் பதிந்ததாகக் காவல்துறை தெரிவித்தது’ என்ற வரியை யாராலும் அசைக்க முடியாது. உணர்ச்சி குறைந்த வரிதான், ஆனால் இறக்கியவர் அதில் வந்துவிடுகிறார்.

இதே பக்கங்களில் இழப்பீட்டுத் தொகை அடிக்கடி தப்பாகிறது. 27 மார்ச் 2014 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் 1993 முதல் நடந்த சாக்கடை மரணங்களுக்கு 10 லட்சம் ரூபாய் என்றது. அதை 30 லட்சமாக உயர்த்தியது 20 அக்டோபர் 2023 தீர்ப்பு. 2016இல் நடந்த மரணத்தைப் பற்றிய பத்தியில் பிற்பாடு வந்த ஒருவர் 10ஐ ‘புதுப்பித்து’ 30 ஆக்கிவிட்டுப் போவார். தொகையோடு தீர்ப்பின் தேதியையும் ஒரே வாக்கியத்தில் எழுதிவிடுங்கள், இந்தத் தொல்லை விடும்.

காவல் மரண எண்ணிக்கையிலும் இதே கதை. தேசிய மனித உரிமை ஆணையம் காவல் நிலையத்தில் இறந்தவர்களையும் சிறையில் இறந்தவர்களையும் பதிவு செய்கிறது. சிறையில் நோயால் இறந்தவரும் அதில் அடக்கம். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் காவல் நிலைய மரணத்தை ஓர் ஆண்டறிக்கையிலும் சிறை மரணத்தை இன்னொன்றிலும் தருகிறது. ஆணையத்தின் கணக்கு பெரும்பாலும் ஏப்ரல் முதல் மார்ச் வரை, காப்பகத்தின் கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை. இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டால் ஒரு பக்கம் மறைக்கிறது, இன்னொரு பக்கம் ஊதுகிறது என்று கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் பத்து திரை அளவுக்குச் சண்டை ஓடும். நிரலின் தலைப்பில் ‘போலீஸ் காவல்’, ‘நீதிமன்றக் காவல்’ என்று பிரித்து எழுதினால் பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும்.

முள்ளிவாய்க்கால் பக்கங்களில் எண்ணை விட வினைச்சொல்தான் முக்கியம். ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011இல் சொன்னது, 40,000 வரை பொதுமக்கள் இறந்திருக்கலாம் என நம்பகமான தரப்புகள் மதிப்பிடுகின்றன என்பதே. 2012இல் வந்த ஐ.நா.வின் உள்ளாய்வு அறிக்கை, 70,000க்கு மேற்பட்டோர் கணக்கில் வரவில்லை என்ற தகவலைக் குறிப்பிட்டது. ‘இறந்திருக்கலாம்’ என்பதும் ‘கணக்கில் வரவில்லை’ என்பதும் இரண்டுமே ‘கொல்லப்பட்டனர்’ ஆகிவிடும்போது, எதிர்த்தரப்புக்கு மொத்தப் பத்தியையும் தூக்க ஒரு சாக்கு கிடைக்கிறது. அறிக்கையின் சொல்லை அப்படியே வைத்திருந்தால் அந்தச் சாக்கு கிடைத்திருக்காது.

மூலங்களில் எது எவ்வளவு தாங்கும் என்பது பழகப் பழகத்தான் பிடிபடும். உண்மை அறியும் குழுவின் அறிக்கையை, குழுவின் பெயரைச் சொல்லி ‘இவ்வாறு அறிக்கை கூறியது’ என்று எழுதலாம், விக்கியின் சொந்தக் குரலில் எழுதக் கூடாது. அதை ஒரு நாளிதழ் செய்தியாக்கியிருந்தால் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது பலம். முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை போன்ற வழக்கு ஆவணங்களை வைத்து உயிரோடு இருப்பவர் மேல் குற்றம் எழுத ஆங்கில விக்கியின் கொள்கை இடம் தருவதில்லை. ‘என் கையில் எஃப்.ஐ.ஆர். இருக்கிறதே’ என்று வருபவருக்கு இது புரிய நாளாகும்.

வடசென்னைக்கு உள்ள தனிச் சிக்கல், மூலங்கள் இணையத்தில் இல்லாததுதான். எண்ணூர் தேசியச் செய்தியாவது எண்ணெய் கசியும்போது, வாயு கசியும்போது. மற்ற நாள்களில் உள்ளூர்ப் பக்கத்தில் நான்கு வரி, அதுவும் இ-பேப்பரில். அந்த இணைப்பு சில மாதத்தில் செத்துவிடும். இணைப்பு இல்லாமலும் நாளிதழை மேற்கோள் காட்டலாம் என்பது பலருக்குத் தெரியாது. நாளிதழ் பெயர், தேதி, பதிப்பு, பக்க எண் போதும். பதிப்பை விட்டுவிடாதீர்கள், சென்னைப் பதிப்பில் 3ஆம் பக்கத்தில் வந்தது திருவள்ளூர்ப் பதிப்பில் வேறு பக்கத்தில் இருக்கலாம். பழைய இதழுக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகம். இணையச் செய்தியாக இருந்தால் மேற்கோளாகச் சேர்க்கும் அன்றே, வலைப்பக்கங்களின் பிரதியைக் காத்துவைக்கும் வேபேக் மெஷினில் சேமித்து அந்த முகவரியையும் கூடவே போடுங்கள்.

வட்ட மேற்கோளும் ஒரு பொறி. விக்கியில் ஆதாரமின்றி இருந்த வரியை ஒரு செய்தித் தளம் எடுத்துப் போடும், பிறகு அந்தத் தளமே அந்த வரிக்கு ஆதாரமாக வந்து உட்காரும். பக்க வரலாற்றில் அந்த வரி முதலில் நுழைந்த தேதியைச் செய்தியின் தேதியோடு ஒப்பிட்டால் பிடித்துவிடலாம்.

கவனமாகக் கையாள வேண்டியது பெயர். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் பெயரை வெளியிடுவது குற்றம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 228ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 72, குழந்தைகள் என்றால் போக்சோ 23. இறந்துபோனவருக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொன்னது. பெயரை அழித்துச் சேமித்தால் கட்டுரையில்தான் போகும், வரலாற்றில் பழைய பதிப்பு அப்படியே கிடக்கும். அந்தப் பதிப்பை மறைக்க நிர்வாகியிடம் கேட்க வேண்டும். கேட்கும்போது, எல்லோருக்கும் தெரியும் தொகுப்புச் சுருக்கத்தில் அந்தப் பெயரையே எழுதிவைப்பவர்களும் உண்டு!

கருவிகள் எப்படி? ஆங்கில விக்கியில் 24 மணி நேரத்தில் ஒரே பக்கத்தை மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால் தடை வரும். இருவர் மட்டும் மோதினால் மூன்றாம் கருத்து கேட்கலாம், பலர் என்றால் பொதுக் கருத்துக்கேட்பு, அது வழக்கமாக 30 நாள் ஓடும். தமிழில் பேச்சுப் பக்கத்தில் கேட்டுவிட்டுக் காத்திருப்பதுதான், பதிலே வராமலும் போகலாம். அப்போது தமிழ் விக்கியின் பொது விவாதப் பக்கமான ஆலமரத்தடியில் ஓர் இணைப்பு போட்டால் நாலு பேராவது எட்டிப் பார்ப்பார்கள். எட்டிப் பார்ப்பவர்களில் ஒருவர் ‘ஸ்டெர்லைட்’ என்பதில் கிரந்தம் இருக்கலாமா என்று கேட்டுவிட்டால் அன்றைய பொழுது அதிலேயே போய்விடும் என்பது வேறு.

கட்டண ஆய்விதழ் வேண்டுமென்றால் விக்கிப்பீடியா நூலகம் இலவசமாகத் தருகிறது. 500 தொகுப்பு, 6 மாதக் கணக்கு, கடந்த மாதத்தில் 10 தொகுப்பு இருக்க வேண்டும், தடையில் இருக்கக் கூடாது. வேறு மொழி விக்கிகளில் செய்த தொகுப்பும் கணக்கில் சேரும்.

கணக்குப் பெயரில் சொந்தப் பெயரும் தெருப் பெயரும் வேண்டாம். செய்தி நிறுவனமான ஏ.என்.ஐ. தொடுத்த வழக்கில், அதன் பக்கத்தைத் தொகுத்த பயனர்களின் விவரத்தைத் தரச் சொல்லி 2024இல் டெல்லி உயர் நீதிமன்றம் விக்கிமீடியாவைக் கேட்டது. வழக்கைப் பற்றிய கட்டுரையையே நீக்கச் சொன்ன உத்தரவை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் அதுவரை பல மாதங்கள் அந்தப் பக்கம் திறக்கவில்லை.