வெண்டிலேட்டர் நோயாளியின் நுரையீரல் அளவு: சி.டி.யா, ஹீலியமா, நைட்ரஜனா?

உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடை 70 கிலோவாக உள்ள ஒருவருக்கு, கிலோவுக்கு 6 மி.லி. வீதம் 420 மி.லி. மூச்சு தருகிறோம். மூச்சு வெளியேறியபின் நுரையீரலில் எஞ்சும் காற்று 1,500 மி.லி. என்றால் இது எளிதில் தாங்கக்கூடிய விரிவு, ஏ.ஆர்.டி.எஸ். எனும் கடும் நுரையீரல் பாதிப்பு முற்றி அது 700 மி.லி.க்குச் சுருங்கியிருந்தால், அதே மூச்சு நுரையீரலை முன்னதைவிட இரு மடங்குக்கும் மேலாக இழுக்கிறது. எனவேதான் எஞ்சும் காற்றை அளப்பது முக்கியமாகிறது.

துல்லியத்தில் சி.டி. ஸ்கேனே முதலிடம். எவ்வளவு காற்று என்பதோடு, எந்தப் பகுதி சுருங்கிக் கிடக்கிறது என்பதையும் அது காட்டும். ஆனால் மருந்துப் பம்புகளோடும் குழாய்களோடும் நோயாளியை ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோவதே ஆபத்து; கதிர்வீச்சும் சேர்வதால் இதைத் தினமும் செய்ய இயலாது.

ஹீலியம் முறையைப் படுக்கையருகிலேயே செய்யலாம். 1.5 லிட்டர் பையில் 10 சதவீதமாக இருந்த ஹீலியம், சில மூச்சுகளில் நுரையீரல் காற்றோடு கலந்து 6 சதவீதமானால், நுரையீரலில் இருந்தது 1 லிட்டர். கணக்கு எளிது, செய்முறைதான் கடினம்: பையை இணைப்பதற்காக வெண்டிலேட்டரைக் கழற்றுமுன், மூச்சுக்குழாய்க்குள் செருகிய குழாயைக் கிளாம்பால் இறுக்க வேண்டும், அது நழுவினால் பீப் (மூச்சு வெளியேறிய பின்னும் காற்றறைகள் மூடாதிருக்க வெண்டிலேட்டர் தக்கவைக்கும்) அழுத்தம் போய், அரும்பாடுபட்டுத் திறந்த காற்றறைகள் மூடிக்கொள்ளும்.

அன்றாடப் பயன்பாட்டுக்கு நான் நைட்ரஜன் முறையையே தேர்வேன், ஏனெனில் இதில் எதையும் கழற்ற வேண்டியதில்லை. ஆக்சிஜனை 40 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினால் நைட்ரஜன் 60-இலிருந்து 40-க்கு இறங்கும். அந்த இறக்கத்தில் நுரையீரலிலிருந்து 300 மி.லி. நைட்ரஜன் வெளியேறியிருந்தால், அதை 0.2 ஆல் (இறங்கிய 20 சதவீதத்தால்) வகுக்க 1,500 மி.லி. கிடைக்கும். நைட்ரஜனைக் கருவி நேரடியாக அளப்பதில்லை, ஆக்சிஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் கழித்தே கணக்கிடுகிறது. அதனால் குழாயில் கசிவு இருந்தாலோ, நோயாளி ஒழுங்கின்றி மூச்சிழுத்தாலோ எண் பிசகும். ஏற்கெனவே 100 சதவீத ஆக்சிஜனை நெருங்கியவருக்கு மாற்றிப் பார்க்க இடமே குறைவு. மார்பைச் சுற்றி மின்முனைகள் பொருத்தும் மின்தடைப் படமுறை ஏற்ற இறக்கத்தை நன்றாகக் காட்டினாலும், முழு அளவைத் தானாகத் தராது.

எந்த முறையானாலும், பீப் கூட்டியதும் எண் கூடியதை மட்டும் பார்த்து மகிழக்கூடாது. நுரையீரலின் நெகிழ்வு 1 செ.மீ. நீர் அழுத்தத்துக்கு 40 மி.லி. என்றால், 5 செ.மீ. பீப் ஏற்றியதற்கு 200 மி.லி. எப்படியும் கூடும்; அதற்கு மேல் கூடியதையே மூடிய காற்றறைகள் திறந்ததாகக் கொள்ளலாம்.