மெக்கன்சியா, பிர்ராபீனா, வாபியா: கர்ரி தீவில் எந்தத் தண்ணீரில் இறங்குவது?

பிரிஸ்பேனுக்குக் குடிவந்த பிறகு கர்ரி தீவுக்கு மூன்று தடவை போயிருக்கிறேன். மூன்று தடவையும் ஏதாவது ஒரு ஏரியை விட்டுவிட்டுத்தான் திரும்பினேன், அதனால் நண்பர்கள் "ரெண்டு நாள்தான் இருக்கு, எதைப் பார்க்கட்டும்" என்று கேட்டால் எதை விடலாம் என்பதிலிருந்துதான் பதில் சொல்வேன். பழைய ஃபிரேசர் தீவுதான் இது. 2023 ஜூனில் தீவின் பூர்வகுடிகளான புச்சுல்லா மக்களின் பெயரே அதிகாரபூர்வமாகத் திரும்பி வந்தது. ஆங்கில எழுத்தில் முன்னால் ஒரு 'கே' நிற்கும், அதை உச்சரிப்பதில்லை. குரு என்னும்போது வருகிற அந்த அழுத்தமான 'க'தான் முதல் ஒலி.

உலகத்திலேயே பெரிய மணல் தீவு, 120 கிலோமீட்டருக்கு மேல் நீளம். நூற்றுக்கும் மேற்பட்ட நன்னீர் ஏரிகள். மணலில் ஊற்றிய தண்ணீர் கீழே இறங்கித்தானே போகும், எப்படி நிற்கிறது என்று அம்மா கேட்டார். இலைதழை மக்கி மணலோடு சேர்ந்து இறுகி, பானையின் அடி மாதிரி ஒரு தட்டாகிவிடுகிறது, மழைத்தண்ணீர் அதன்மேல் தேங்கி நிற்கிறது, அதனால்தான் மெக்கன்சி ஏரி கடல் மட்டத்துக்குக் கிட்டத்தட்ட 100 மீட்டர் மேலே உட்கார்ந்திருக்கிறது. "திருச்செந்தூர் நாழிக்கிணறு மாதிரின்னு நினைச்சேன், இது மேல ஏறி உட்கார்ந்திருக்கே" என்றார்.

சரி, முதலில் மெக்கன்சியும் பிர்ராபீனும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இங்கேதான். புகைப்படங்களில் நீங்கள் பார்த்த அந்த நீலம் மெக்கன்சி. புச்சுல்லா மொழியில் பூரங்கூரா. மாவு மாதிரி வெள்ளை மணல், கிட்டத்தட்ட முழுக்க சிலிக்கா. மதிய வெயிலிலும் காலைச் சுடவில்லை. என் மனைவி வெள்ளி மோதிரத்தை அந்த மணலில் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொண்டாள். கரையோரம் கண்ணாடி, நாலடி தள்ளி வெளிர் பச்சை, அதற்கப்புறம் சட்டென்று மைநீலம். ஓடி வந்து சேர ஓர் ஓடையும் கிடையாது, எல்லாம் மழைதான். தண்ணீர் அவ்வளவு சுத்தமாகவும் கொஞ்சம் அமிலமாகவும் இருப்பதால் மீன்கூட அதிகம் இல்லை. ஆனால் காலை பத்து மணிக்குமேல் சுற்றுலா பஸ்கள் வந்துவிட்டால் தைப்பூசக் கூட்டம்தான். சாப்பாட்டைக் கரைக்குக் கொண்டுபோகக் கூடாது, டிங்கோ என்ற காட்டுநாய் வரும் என்பதால் வேலி போட்ட இடத்துக்குள் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். இதில் நான் குறை சொல்லவில்லை, நியாயமான ஏற்பாடு. கூட்டம்தான் பிரச்சினை.

பிர்ராபீன் அதே வெள்ளை மணல், அதே நீலம், அளவில் சிறியது. தீவின் உள்ளே சென்ட்ரல் ஸ்டேஷன் என்று ஓர் இடம் (ரயில் நிலையம் இல்லை, பழைய வனத்துறை முகாம்), அங்கிருந்து தெற்கே போகிற ஏரிப் பாதையில் இருக்கிறது. பாதை மோசம், மரவேர்கள் குறுக்கே ஓடும், வண்டி கட்டுமரம் மாதிரி ஆடும். அதனாலேயே ஆள் குறைவு. போன தடவை ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்குப் போனபோது எங்களைத் தவிர ஒரு வயதான தம்பதி மட்டும், அவர்களும் தெர்மாஸ் தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். இரண்டில் ஒன்றுதான் என்றால் என் ஓட்டு பிர்ராபீனுக்கு. "மெக்கன்சியைப் பார்க்காமலா வந்தே" என்று ஊரில் யாராவது கேட்பார்கள் என்று பயந்தால் எட்டு மணிக்குள் மெக்கன்சிக்குப் போய் முக்கால் மணி நேரம் முங்கிவிட்டு நகர்ந்துவிடுங்கள். எங்கே இறங்கினாலும் சன்ஸ்கிரீனைப் பூசிக்கொண்டு உடனே குதிக்காதீர்கள், இந்த ஏரிகளில் தண்ணீர் ஓடிப் போக வழி கிடையாது, கரைந்தது அங்கேயேதான் கிடக்கும்.

அதே பாதையில் இன்னும் தெற்கே பூமான்ஜின். இப்படி மணல் தட்டின்மேல் தேங்கி நிற்கிற ஏரிகளில் உலகத்திலேயே பெரியது, சுமார் 200 ஹெக்டேர். தண்ணீர் அசல் கடுங்காப்பி நிறம், சுற்றியிருக்கிற செடிகளின் சாறு இறங்கியது. குழந்தைகள் "அழுக்குத் தண்ணி" என்று இறங்க மறுத்தார்கள். அம்மாதான் முதலில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் வரை போனார், உள்ளே அவர் பாதம் செம்பில் செய்த மாதிரி மின்னியது. குளித்தால் தலைமுடி மெத்தென்று இருக்கும். நேரம் இருந்தால் பாருங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடலாம்.

வாபி வேறு கணக்கு. இது அழகுப் போட்டிக்கு வருகிற ஏரி இல்லை, பச்சைத் தண்ணீர், ஒரு பக்கம் காடு, மறு பக்கம் செங்குத்தான மணல் சரிவு. ஓர் ஓடையை மணல் மறித்ததால் உண்டான ஏரி, தீவிலேயே ஆழமானது, 11, 12 மீட்டர் இருக்கும். அந்த மணல் நின்றுவிடவில்லை, ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் நகர்ந்து ஏரிக்குள் இறங்கிக்கொண்டே இருக்கிறது, ஒரு நாள் மொத்தமாக மூடிவிடும். இங்கே மீன் உண்டு, கரையில் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டால் குதிகாலைக் கொத்தும். கிழக்குக் கடற்கரையில் வண்டியை விட்டுவிட்டு நடக்க வேண்டும், போக வர ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிப் பகுதி வெறும் மணல்மேடு, நிழலே கிடையாது. அம்மாவை இங்கே கூட்டிப்போகவில்லை. சரிவில் ஓடி வந்து தலைகீழாகப் பாய்கிற வேலை மட்டும் வேண்டாம், கழுத்தை உடைத்துக்கொண்டவர்கள் உண்டு. மெக்கன்சியா வாபியா என்று கேட்டால், நன்றாக நடக்கிறவர்களுக்கு வாபிதான். மெக்கன்சி பத்து வருடம் கழித்தும் அப்படியேதான் இருக்கும்.

இனி கடல். 75 மைல் கடற்கரை என்று பெயர் பெற்ற கிழக்குக் கரை கடற்கரை மட்டுமல்ல, சாலையும்கூட. 80 கிலோமீட்டர் வேக வரம்பு, போலீஸ் சோதனை எல்லாம் உண்டு, சிறிய விமானங்களும் அதே மணலில்தான் இறங்கும், அவற்றுக்கு நாம் ஒதுங்க வேண்டும். ஆனால் இந்தக் கடலில் குளிக்காதீர்கள். இழுப்பும் சுறாவும் இருக்கின்றன. உப்புத் தண்ணீர்தான் வேண்டுமென்றால் வடக்கே இந்தியன் ஹெட் தாண்டி ஷாம்பெயின் பூல்ஸ், எரிமலைப் பாறைக் குழிக்குள் அலை நுரைத்து விழும், கடல் வற்றியிருக்கும்போது அருமை. அதற்குப் போகிற வழியில் பொடிமணல் ஒரு துண்டு இருக்கிறது, பல வண்டிகளின் மானம் அங்கேதான் போகும். எங்கள் மானமும் போனது: வாடகை வண்டியின் டயரில் எவ்வளவு காற்று என்று பார்க்காமலே ஏறிவிட்டேன், பாதியில் அச்சு வரை புதைந்தது. பின்னால் வந்த ஒரு மீன்பிடிக்காரர் ஒன்றும் பேசாமல் இறங்கி, சக்கரத்தின் வால்வை ஒரு சுள்ளியால் அழுத்திப் பிடித்தார். காற்று 18 பிஎஸ்ஐக்கு இறங்கியதும் வண்டி தானாக ஏறிவிட்டது. இப்போதெல்லாம் தீவுக்கு வண்டியை ஏற்றிவருகிற பார்ஜ் படகில் ஏறுவதற்கு முன்பே காற்றை இறக்கிவிடுகிறேன்.

கைக்குழந்தையோ வயதானவர்களோ கூட இருந்தால் ஷாம்பெயின் பூல்ஸை மறந்துவிட்டு ஈலை க்ரீக் என்ற ஓடைக்குப் போங்கள். கடற்கரையிலேயே வண்டியை நிறுத்தலாம், மரப்பலகை நடைபாதையில் மேலே நடந்து, தண்ணீரில் இறங்கி மிதந்து கீழே வந்துவிடலாம். ஒரு மணி நேரத்துக்கு 40 லட்சம் லிட்டர் வரை கடலில் கொட்டுகிறதாம், ஆனால் முழங்கால் அளவுதான், பல் கிட்டுகிற குளிர். என் பிள்ளைகளைக் கேட்டால் எல்லா ஏரிகளையும்விட இதுதான் முதலிடம், ஒன்பது முறை மிதந்தார்கள். கொஞ்சம் வடக்கே 1935 புயலில் ஒதுங்கிய மஹெனோ கப்பலின் துருப்பிடித்த எலும்புக்கூடு, பத்து நிமிடம் போதும்.

தீவுக்குள் எந்தப் பக்கமிருந்து நுழைவது என்பதும் எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தீவுக்குத் தெற்கே எதிர்க்கரையில் இருக்கிற இன்ஸ்கிப் முனையிலிருந்து பார்ஜில் பத்தே நிமிடம், இறங்கியதும் நேரே கடற்கரைதான், அதனால் கடல் வற்றுகிற நேரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம்தான் உங்களுடையது. மேற்கே எதிர்க்கரையில் இருக்கிற ரிவர் ஹெட்ஸிலிருந்து வந்தால் முன்பதிவு வேண்டும், செலவும் கூடும், ஆனால் மேற்குக் கரையில் இறங்கிக் காட்டுப் பாதையில் ஏரிகளுக்கு ஏறிவிடலாம், கடல் ஏறினாலும் கவலை இல்லை. இரண்டு பக்கமும் ஃபோர் வீல் டிரைவும் பெர்மிட்டும் கட்டாயம். காட்டுப் பாதையில் வேகம் 30தான், அதுவே அதிகம்.

ஆக, முதலில் அலை அட்டவணையை எடுத்துப் பாருங்கள். காலையில் கடல் வற்றினால் அந்த நேரத்தை ஈலை, வாபிக்குக் கொடுத்துவிட்டு மதியம் பிர்ராபீன். மதியம்தான் வற்றும் என்றால் விடிந்ததும் மெக்கன்சி, அப்புறம் கீழே இறங்கி ஈலை. வாபியை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் மூடிவிடாது.