மைட்டோட்ராக்கர் ரெட்: வடிவத்துக்குச் சரி, இணைவுக்குச் சான்றாகாது

செல்லின் ஆற்றல் உறுப்புகளான மைட்டோகாண்ட்ரியா ஒன்றோடொன்று இணைந்து நீண்ட வலையாக இருக்கிறதா, பிளந்து துண்டுதுண்டாக உடைந்திருக்கிறதா என்று பார்க்கப் பல ஆய்வகங்கள் வாங்குவது மைட்டோட்ராக்கர் ரெட் சிஎம்எக்ஸ்ராஸ் சாயம். பெட்டியில் 20 குப்பிகள், ஒவ்வொன்றிலும் 50 மைக்ரோகிராம் பொடி. 94 மைக்ரோலிட்டர் டிஎம்எஸ்ஓ கரைப்பானில் கரைத்தால் 1 மில்லிமோலார் கரைசல் கிடைக்கும். அதைச் சிறு பங்குகளாகப் பிரித்து, வெளிச்சம் படாமல் உறையவைக்க வேண்டும்.

கையேடு 25 முதல் 500 நானோமோலார் வரை இடம் தருகிறது. வடிவம் பார்க்க 50 முதல் 100 போதும். 37 டிகிரியில் 20 நிமிடம். அளவு கூடினால் சைட்டோபிளாசமும் உட்கருவுக்குள் இருக்கும் நியூக்ளியோலஸும் சேர்ந்து சிவந்துவிடும், வலையின் இழைகள் தெரியாது.

இதன் பெரிய பலம், செல்லை அதன் வடிவம் மாறாமல் 4% பாராஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்திய பிறகும் சாயம் தங்குவது. புரதங்களின் தயோல் தொகுதிகளோடு அது பிணைந்துகொள்கிறது. இதே வரிசையின் பச்சைச் சாயமான மைட்டோட்ராக்கர் கிரீனுக்கு அந்த வசதி இல்லை. நிலைப்படுத்தியை மட்டும் 37 டிகிரிக்குச் சூடாக்கி ஊற்றுங்கள். குளிர்ந்ததை ஊற்றினால் நல்ல செல்லிலும் இழைகள் உடைந்து நிற்கும். அதைப் பிளவு என்று எழுதிவிடுவார்கள்!

குறைதான் முக்கியம். சாயம் உள்ளே சேர்வது மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் இருக்கும் மின்னழுத்தத்தால். எஃப்சிசிபி என்ற வேதிப்பொருளைக் கொடுத்தால் மின்னழுத்தம் விழும். அப்போது ஓஎம்ஏ1 நொதி, உட்சவ்வுகளை இணைக்கும் ஓபிஏ1 புரதத்தை வெட்டும், அந்த இணைவு நிற்கும். டிஆர்பி1 என்ற புரதம் மைட்டோகாண்ட்ரியாவைப் பிளப்பதோ தொடரும். ஆக, துண்டாகும் அதே செல்லில்தான் சாயமும் மங்கும். நலிந்த செல்களை ஒப்பிடுகிறவர்கள் வெளிச்சவ்வுப் புரதமான டாம்20ஐப் பிடிக்கும் எதிர்ப்புப்புரதத்தால் வெளிச்சவ்வைக் குறித்துப் பார்ப்பதே நம்பகமானது.

உயிருள்ள செல்லைத் தொடர்ந்து படமெடுக்கவும் இது தோதுப்படாது. லேசர் ஒளி பட்ட சாயம் வினைமிகு ஆக்சிஜனை உண்டாக்கும். சில நிமிடங்களில் இழைகள் மணிமணியாகிவிடும்.

இன்னொன்று: நீண்ட இழை தெரிந்தால் வெளிச்சவ்வுகளை இணைக்கும் மைட்டோஃப்யூசின் புரதங்கள் வேலை செய்கின்றன என்று பொருளல்ல. பிளவு குறைந்தாலும் இழை நீளும். பட்டினி போட்ட செல்லில் டிஆர்பி1 பாஸ்பேட் ஏறிச் சைட்டோபிளாசத்திலேயே தங்குவதால் நடப்பது அதுதான். இணைவை அளக்க, ஒளியால் தூண்டப்படும் ஜிஎஃப்பி என்ற ஒளிரும் புரதத்தை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அனுப்பி, ஒரு சிறு பகுதியை மட்டும் ஒளிரவைத்து, அது அடுத்தவற்றுக்குள் பரவுவதைப் பார்க்க வேண்டும். அந்த வேலைக்கு இந்தப் பெட்டியை வாங்காதீர்கள்.