ரேண்டி கிரெடிகோவா, ரஸ்ஸல் பிராண்டா?

போதைப்பொருள் சட்டத்தை எதிர்த்த கலைஞர் ஒருவரைப் பற்றி அரை மணி நேரம் பேச வேண்டும் என்று எங்கள் வாசகர் வட்டத்தில் கேட்டார்கள். கையில் இருந்தது இரண்டு காமெடியன்கள்: இங்கிலாந்தின் ரஸ்ஸல் பிராண்ட், அமெரிக்காவின் ரேண்டி கிரெடிகோ. நான் கிரெடிகோவை எடுத்துக்கொண்டேன்.

புகழில் போட்டியே இல்லை, பிராண்ட்தான். ஹெராயின் பழக்கத்திலிருந்து மீண்டவர். 2012இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு முன் வந்து, போதைக்கு அடிமையானவரைக் குற்றவாளியாக அல்ல, நோயாளியாகப் பாருங்கள் என்றார். ஆனால் கேமரா முழுக்க அவர் மேல்தான். 2025இல் அவர் மீது பாலியல் வன்கொடுமை வழக்கு வந்தது, அவர் மறுக்கிறார். அப்புறம் அவர் பெயரை எடுத்தாலே பேச்சு அந்த வழக்குக்குத்தான் போகிறது.

எனக்கு முடிவைத் தந்தது இதுதான்: போராட்டத்தின் முன்வரிசையில் யார் நிற்கிறார்கள்?

கிரெடிகோ, அமெரிக்காவில் புகழ்பெற்ற ஜானி கார்சனின் டிவி நிகழ்ச்சி வரை போன மிமிக்ரி கலைஞர். நியூயார்க்கில் ஆளுநர் நெல்சன் ராக்ஃபெல்லர் 1973இல் கொண்டுவந்த போதைப்பொருள் சட்டத்தை எதிர்க்க இறங்கினார். 4 அவுன்ஸ், அதாவது 113 கிராம் கொக்கெய்ன் வைத்திருந்தால் குறைந்தது 15 ஆண்டு சிறை, அதிகபட்சம் ஆயுள். முதல் தடவை மாட்டியவருக்கும் அதேதான். 1998இல், சட்டத்துக்கு 25 வயதானபோது, சிறையிலிருப்பவர்களின் தாய்மாரை அந்த ஆளுநரின் குடும்பப் பெயரைத் தாங்கிய ராக்ஃபெல்லர் சென்டர் கட்டட வாசலிலேயே பிள்ளைகளின் படங்களோடு நிற்க வைத்தார். அர்ஜென்டினாவில் காணாமல்போன பிள்ளைகளைத் தேடிய தாய்மாரின் வழி அது. கிரெடிகோவோடு சேர்ந்து இந்தத் தாய்மாரின் அமைப்பைத் தொடங்கிய ஆந்தனி பாப்பா, அதே சட்டத்தில் 12 ஆண்டு உள்ளே இருந்த ஓவியர். ஜோக் சொல்பவர் ஓரமாக நிற்க, தண்டனையைச் சுமந்தவர்கள் பேசினார்கள். நாளைக்கு கிரெடிகோ பெயர் கெட்டாலும் அந்தத் தாய்மாரின் வாதம் கெடாது.

2004இலும் 2009இலும் சட்டம் தளர்ந்தது. எல்லாப் புகழும் இவருக்கே என்று சொன்னால் வக்கீல்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் சண்டைக்கு வருவார்கள், நியாயம்தான். தேர்தலில் மட்டும் ஆளுக்கு ராசியே இல்லை. 2014 நியூயார்க் ஆளுநர் தேர்தலுக்கான ஜனநாயகக் கட்சியின் உட்கட்சிப் போட்டியில் 4 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

மேடையில் யார் அதிகம் சிரிக்க வைப்பார் என்று கேட்டால் ஒதுங்கிக்கொள்வேன். கிரெடிகோவின் மேடைப் பேச்சை நான் கேட்டது குறைவு. பிராண்டுக்கும் ஐந்து நிமிடம் வைத்திருக்கிறேன். சிகிச்சை பற்றி யாராவது கேட்டால் அவரிடம்தான் போக வேண்டியிருக்கும்.