பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட்: திரை கறுத்தால் டார்ச் அடித்துப் பாருங்கள்

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்தது. வீட்டில் இருக்கும் 2011 மாடல் லேப்டாப்பில் (ஐ3, 4 ஜிபி ராம், இன்டெல் எச்டி 3000 கிராஃபிக்ஸ்) விண்டோஸ் 11 ஏறாது. பரணில் போடுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை பார்ப்போமே என்று விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை (பழைய கணினிக்கும் ஒத்துவரும் எளிய பதிப்பு) பென்டிரைவில் எழுதிச் செருகினேன்.

மின்ட் சின்னம் வந்தது, அப்புறம் திரை கறுத்துவிட்டது. பத்து நிமிடம் காத்திருந்தும் அதே இருட்டு.

பென்டிரைவிலிருந்து துவங்கும்போது வரும் பூட் மெனுவில் இரண்டாவதாக 'கம்பாட்டிபிலிட்டி மோடு' என்று ஒன்று இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் 'நோமோட்செட்' என்ற கட்டளையோடு துவங்கும், அதாவது கிராஃபிக்ஸ் டிரைவரைத் தொடாமல் வெறும் அடிப்படைத் திரையை வைத்து ஓட்டும். படம் வந்தது, ஆனால் 800x600-இல்! நிறுவும்போது 'தொடர்க' பொத்தான் திரைக்குக் கீழே ஒளிந்துகொண்டது. ஆல்ட் விசையைப் பிடித்தபடி ஜன்னலின் எந்த இடத்தையும் இழுத்தால் மேலே வரும், இது தெரியாமல் அரை மணி நேரம் போயிற்று.

நிறுவிய பிறகும் நோமோட்செட்டிலேயே ஒரு வாரம் ஓட்டினேன், அதுதான் தப்பு. யூடியூப் திறந்தாலே ஃபேன் இரைந்தது. டெர்மினலில் 'இன்க்சி' கட்டளையால் கிராஃபிக்ஸ் விவரம் கேட்டால் 'எல்எல்விஎம்பைப்' என்று வந்தது. படம் வரையும் வேலை முழுவதும் பிராசஸர் தலையில் என்று அர்த்தம். லினக்ஸ் மெதுவாக இருக்கிறது என்று புலம்புகிறவர்களில் எத்தனை பேர் இப்படியே விட்டுவைத்திருக்கிறார்களோ.

கடைக்காரர் ஒருவர் மதர்போர்டு போயிருக்கும் என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. இரவில் சாதாரண முறையில் துவக்கி, கறுத்த திரைமேல் போன் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தால், லாகின் பெட்டி மங்கலாகத் தெரிகிறது! டிரைவர் ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது, திரைக்குப் பின்னால் இருக்கும் விளக்குதான் எரியவில்லை.

துவங்கும்போது ஷிஃப்டைப் பிடித்து க்ரப் மெனுவை (லினக்ஸைத் துவக்கிவைக்கும் நிரலின் மெனு) வரவழைத்து, ஆங்கில இ எழுத்தைத் தட்டி, 'லினக்ஸ்' என்று ஆரம்பிக்கும் வரியில் நோமோட்செட் இருந்த இடத்தில் திரை விளக்கை எந்த வழியில் இயக்குவது என்று சொல்லும் 'ஏசிபிஐ பேக்லைட்' அமைப்பைப் போட வேண்டும், நடுவில் அடிக்கோடு உண்டு. அதற்கு மதிப்பாக 'நேட்டிவ்' என்று கொடுத்ததற்கு அசையவில்லை. 'வென்டார்' என்று மாற்றி எஃப்10 அழுத்தினேன், பளிச். பிறகு அதையே க்ரப் அமைப்புக் கோப்பில் எழுதி 'அப்டேட் க்ரப்' ஓட்டியதும் நிரந்தரமாகிவிட்டது.

தனியாக என்விடியா கார்டு உள்ள பழைய லேப்டாப் என்றால் கதை வேறு. மிகப் பழைய கார்டுகளுக்கு என்விடியா தந்த 340 வரிசை டிரைவருக்கு 2019-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. அப்படிப்பட்ட கார்டு என்றால் லினக்ஸின் மையமான கெர்னலோடு வரும் 'நூவோ' என்ற டிரைவரை நம்பி ஓட்டுவதுதான் வழி, கேம் ஆசையெல்லாம் வேண்டாம்.

இன்டெல் கிராஃபிக்ஸ் இருந்தால் மின்ட் எக்ஸ்எஃப்சிஇயைத் தாராளமாகப் போடலாம், என் கணக்கில் ஐந்துக்கு நான்கு. ஒன்றைக் குறைத்தது மூடித் திறந்தால் திரை வர மூன்று நான்கு விநாடி யோசிப்பதற்காக. அம்மா தினமும் அதில்தான் சீரியல் பார்க்கிறார்கள், வெளிச்சம் கூட்டும் விசைகூட இப்போது வேலை செய்கிறது.